ரெண்டும் ஒன்றுதானே? ஆங்கிலத்தின் ‘ஒரே அர்த்தச்’ சொற்கள்

சில வருடங்களுக்கு முன் ஒரு கட்டுரையை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துக் கொடுத்தேன். அதில் ‘மரத்து நிழலில் உட்கார்ந்தோம்’ என்று ஒரு வரி. நிழலுக்கு ‘ஷேடோ’ என்று போட்டிருந்தேன். திருத்தியவர் அதைச் சுழித்துவிட்டு, பக்கத்தில் ‘ஷேட்’ என்று எழுதி அனுப்பினார். ஆங்கிலம்–தமிழ் அகராதியைப் புரட்டினால் இரண்டுக்கும் முதல் பொருள் நிழல்தான். ‘ரெண்டும் ஒன்றுதானே, இதில் என்ன திருத்தம் வேண்டிக் கிடக்கிறது?’ என்று கொஞ்சம் கடுப்பாகவே இருந்தது.

பிறகுதான் புரிந்தது. வெயில் படாமல் குளுமையாக இருக்கும் இடம் ஷேட். ஒரு பொருள் வெளிச்சத்தை மறைக்கும்போது தரையிலோ சுவரிலோ விழும் கருத்த உருவம் ஷேடோ. ஷேடோவுக்கு வடிவம் உண்டு. கையை அசைத்தால் அதுவும் அசையும். ஷேடுக்கு வடிவம் முக்கியமில்லை. வெயில் இல்லை என்பதுதான் முக்கியம். நான் எழுதியது இலக்கணப் பிழை அல்ல. ஆனால் வெயிலுக்கு ஒதுங்கிய சுகம் அந்த வரியிலிருந்து போய், ஏதோ இருட்டும் லேசான பயமும் வந்து உட்கார்ந்துவிட்டது.

இப்படிப்பட்ட சொற்களைப் பற்றி எல்லோரும் ஏதாவது சொல்கிறார்கள். ஒரு சாரார், ‘எல்லாம் ஒரே அர்த்தம்தான், எதைப் போட்டாலும் சரி’ என்பார்கள். இன்னொரு சாரார், ‘இதற்கும் இதற்கும் இதுதான் வித்தியாசம்’ என்று ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு வரி சூத்திரம் கொடுப்பார்கள். முதல் கட்சி சோம்பேறித்தனம். இரண்டாவது நல்ல எண்ணம்தான், ஆனால் ஆயிரம் ஜோடிக்கு ஆயிரம் சூத்திரத்தை யார் மனப்பாடம் செய்வது? வித்தியாசங்கள் எங்கிருந்து வருகின்றன என்று தெரிந்துகொண்டால் பாதி ஜோடிகளைத் தானாகவே பிரித்துவிடலாம்.

விரலும் காலும்

‘அங்கிள்’ என்பதைத் தமிழில் சொல்லுங்கள் என்று யாராவது கேட்டால் நாம் உடனே பதில் சொல்ல மாட்டோம். ‘எந்த வழியில்?’ என்று திருப்பிக் கேட்போம். அப்பாவின் அண்ணன் என்றால் பெரியப்பா, தம்பி என்றால் சித்தப்பா, அம்மாவுடன் பிறந்தவர் என்றால் மாமா. ஆங்கிலத்துக்கு இந்தப் பிரிவு தேவைப்படவில்லை. எல்லாரையும் ஒரே சொல்லில் அடைத்துவிட்டது.

இதன் மறுபக்கத்தை நாம் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. தமிழ் ஒரே சொல்லில் அடைத்ததை ஆங்கிலம் பிரித்து வைத்திருக்கும் இடங்கள் ஏராளம். விரல் என்றால் நமக்குக் கையிலும் விரல், காலிலும் விரல். ஆங்கிலத்தில் கைவிரல் ஃபிங்கர், கால்விரல் டோ. காலில் பத்து ஃபிங்கர் இருக்கிறது என்று சொன்னால் சிரிப்பார்கள். கட்டைவிரலைக்கூட ‘தம்ப்’ என்று தனியே எடுத்துவிடுவார்கள். அதை ஃபிங்கர் கணக்கில் சேர்ப்பதா வேண்டாமா என்பதில் அவர்களுக்குள்ளேயே தகராறு உண்டு.

‘கால் வலிக்கிறது’ என்று நாம் சாதாரணமாகச் சொல்வோம். ஆங்கிலத்தில் சொல்லும்போது முடிவு செய்துவிட்டுத்தான் வாயைத் திறக்க வேண்டும். இடுப்புக்குக் கீழே என்றால் லெக். கணுக்காலுக்குக் கீழே தரையில் படும் பகுதி என்றால் ஃபுட். கையும் அப்படித்தான்: தோளிலிருந்து தொங்குவது ஆர்ம், மணிக்கட்டுக்கு அப்பால் இருப்பது ஹேண்ட். நம்மிடம் பாதம், உள்ளங்கை, புஜம் எல்லாம் இருக்கின்றன. ஆனால் தேவைப்பட்டால் மட்டும்தான் அவற்றை எடுப்போம். ஆங்கிலத்தில் அது கட்டாயம்.

கடிகாரமும் இதே கதை. சுவரில் தொங்கினாலும் மேசையில் நின்றாலும் கிளாக். உடம்போடு போனால் வாட்ச். எலி என்றால் சின்னது மவுஸ், பெரியது ராட். கணினியோடு வரும் எலிக்கு ராட் என்று பெயர் வைக்காமல் விட்டது புண்ணியம்.

ஆக, இரண்டு ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழில் ஒரே சொல் வருகிறது என்பதாலேயே அந்த இரண்டும் ஒன்று ஆகிவிடாது. ஒரே நிலத்தில் இரண்டு மொழிகளும் வேறு வேறு இடத்தில் வரப்பு போட்டிருக்கின்றன, அவ்வளவுதான். நம்முடைய குழப்பத்தில் பெரும்பகுதி இந்த வரப்புச் சண்டைதான்.

கண்ணில் படுவது, பார்ப்பது, கவனிப்பது

அடுத்தது கொஞ்சம் நுட்பமானது. பொருள்களில் அல்ல, செயல்களில் வரும் பிரிவு.

‘பார்’ என்பதற்கு ஆங்கிலத்தில் ஸீ, லுக், வாட்ச் என்று மூன்று. பள்ளியில் மூன்றையும் ‘பார்த்தல்’ என்றே எழுதி மதிப்பெண் வாங்கியிருப்போம். ஆனால் தமிழிலேயே இந்த மூன்றும் தனித்தனியாக இருக்கின்றன. ஒரு பொருள் தானாகவே கண்ணில் பட்டால் அது ஸீ. நீங்களாகக் கண்ணைத் திருப்பினால் லுக். நேரம் கொடுத்து, அடுத்து என்ன நடக்கும் என்று கவனித்துக்கொண்டிருந்தால் வாட்ச். அதனால்தான் அசையாத புகைப்படத்தை ‘லுக்’ செய்வார்கள். நடக்கிற விளையாட்டை ‘வாட்ச்’ செய்வார்கள். புகைப்படத்தை ‘வாட்ச்’ செய்தேன் என்றால், அது எழுந்து ஓடிவிடும் என்று காவல் காத்த மாதிரி இருக்கும்.

காதுக்கும் இதே ஏற்பாடு. ஹியர் என்றால் காதில் விழுந்தது. லிஸன் என்றால் காது கொடுத்துக் கேட்டது. ‘நீ சொன்னது காதில் விழுந்தது, ஆனால் கவனிக்கவில்லை’ என்று தமிழில் சொன்னால் அதில் எந்த முரணும் இல்லை. ஆங்கிலத்தில் முதல் பாதிக்கு ஹியர், இரண்டாம் பாதிக்கு லிஸன். தொலைபேசியில் குரல் சரியாக வரவில்லை என்றால் ‘கேன் யூ ஹியர் மீ?’ என்பார்கள். அங்கே லிஸனைப் போட்டால், எதிராளியின் அக்கறையைச் சந்தேகிப்பதாக ஆகிவிடும்.

இங்கே பிரிக்கும் கோடு ‘விருப்பம்’. தானாக நேர்ந்ததா, நாமாகச் செய்ததா? இந்த ஒரு கேள்வி நிறைய ஜோடிகளைப் பிரித்துக் கொடுக்கும்.

வங்கியைத் திருட முடியுமா?

ஸ்டீல், ராப் இரண்டுக்கும் திருடுதல் என்று எழுதிப் பழகியிருக்கிறோம். ஆனால் ஸ்டீல் என்ற வினை, திருடுபோன பொருளைப் பிடித்துக்கொள்ளும். ராப் என்ற வினை, பறிகொடுத்த ஆளையோ இடத்தையோ பிடித்துக்கொள்ளும். பையை ஸ்டீல் செய்தார்கள். என்னை ராப் செய்தார்கள். வங்கியை ராப் செய்தார்கள். வங்கியையே ஸ்டீல் செய்தார்கள் என்றால், மறுநாள் காலை அந்த இடத்தில் கட்டடமே இல்லை என்று அர்த்தம். நம் மொழியிலும் இது இருக்கிறது: ‘வங்கியைத் திருடினார்கள்’ என்று யாரும் சொல்வதில்லை, ‘வங்கியைக் கொள்ளையடித்தார்கள்’ என்றுதான் சொல்வோம். அதோடு ராப் என்றால் பெரும்பாலும் மிரட்டலோ பலமோ கலந்திருக்கும். ஆள் இல்லாத வீட்டுக்குள் நுழைந்து எடுத்தால் அதற்கு பர்க்லரி என்று வேறு பெயர்.

ஸே, டெல் குழப்பமும் இந்த வகைதான். டெல் என்றால் யாரிடம் என்பது உடனே பின்னால் வர வேண்டும்: ‘டெல் மீ’. ஸே என்றால் என்ன சொன்னார் என்பதுதான் முதலில். ஆளைச் சேர்க்க வேண்டுமானால் நடுவில் ‘டு’ போட்டாக வேண்டும். ‘ஸே மீ’ என்பது எந்த ஊர் ஆங்கிலத்திலும் இல்லை. நாம் ‘என்னிடம் சொல்’ என்று ஒரே வினையை வைத்துச் சமாளிப்பதால் கை தானாகவே தவறுகிறது.

பாரோ, லெண்ட் இரண்டுக்கும் கடன். பணம் நகரும் திசைதான் வேறு. தமிழ் அந்தத் திசையை ‘வாங்கு’, ‘கொடு’ என்று தனிச் சொல்லில் வைக்கிறது. ஆங்கிலம் வினைக்குள்ளேயே புதைத்துவிட்டது. ‘உன் பேனாவை லெண்ட் செய்து கொள்ளட்டுமா?’ என்று கேட்பவர், பேனாவை வாங்கும்போதே கொடுப்பதாகச் சொல்கிறார்.

சுருக்கமாக: சில ஜோடிகள் பொருளில் ஒன்று போலத் தெரிந்தாலும், வாக்கியத்தில் எதைத் தம் பக்கம் இழுத்துக்கொள்கின்றன, யார் பக்கம் நின்று பேசுகின்றன என்பதில் பிரிகின்றன. அகராதியில் பொருளை மட்டும் பார்த்தால் இது தெரியாது. எடுத்துக்காட்டு வாக்கியத்தைப் பார்க்க வேண்டும்.

இத்தனை சொற்கள் எதற்கு?

நியாயமான கேள்வி. ஒரு வேலைக்கு ஒரு சொல் போதாதா? இதற்குப் பதில் வரலாற்றில் இருக்கிறது.

1066ஆம் ஆண்டு, பிரான்சின் வடகரையில் இருந்த நார்மண்டியின் கோமகன் வில்லியம் கடல் தாண்டி வந்து ஹேஸ்டிங்ஸ் போரில் வென்று இங்கிலாந்தின் அரசரானார். அவரும் அவரோடு வந்தவர்களும் பேசியது பிரெஞ்சு. அரசவை, சட்டம், பதவி எல்லாம் பிரெஞ்சில் நடக்க, வயலிலும் அடுப்படியிலும் ஆங்கிலம் பேசினார்கள். தேவாலயமும் கல்வியும் லத்தீனில். நீதிமன்றத்தில் ஆங்கிலத்தில் வழக்காட வேண்டும் என்று 1362இல்தான் ஒரு சட்டம் வந்தது. வேடிக்கை என்னவென்றால் அந்தச் சட்டத்தையே பிரெஞ்சில்தான் எழுதினார்கள். பிறகு மறுமலர்ச்சிக் காலத்தில் அறிஞர்கள் லத்தீனிலிருந்து இன்னும் கூடை கூடையாகச் சொற்களை அள்ளி வந்தார்கள்.

விளைவு, ஒரே செயலுக்கு மூன்று அடுக்குச் சொற்கள். ஆஸ்க் என்பது பழைய ஆங்கிலம்; வீட்டுச் சொல். க்வெஸ்சன் என்ற வினை பிரெஞ்சு வழி வந்தது, கொஞ்சம் விறைப்பானது. இன்டராகேட் லத்தீன், கேட்டவுடனே ஒரு விசாரணை அறையும் முகத்தில் அடிக்கும் விளக்கும் ஞாபகத்துக்கு வரும். மூன்றுமே கேள்வி கேட்பதுதான். ‘அம்மா என்னை இன்டராகேட் செய்தாள்’ என்று ஒருவர் சொன்னால், அவர் நேற்று ராத்திரி நேரம் கழித்து வீட்டுக்கு வந்திருக்கிறார் என்று புரிந்துகொள்ளலாம். இதே போலத்தான் ராஜாவுக்கு உரிய என்பதற்குக் கிங்லி, ராயல், ரீகல் என்று மூன்று.

நமக்கு இது புதிதல்ல. தண்ணீர், நீர், ஜலம், தீர்த்தம் நான்கும் குழாயில் வருகிற அதேதான். ஆனால் ‘குழாயில் தீர்த்தம் வரவில்லை’ என்று யாரும் புகார் எழுத மாட்டார்கள். எந்தச் சூழலில் எந்தச் சொல் பொருந்தும் என்ற இந்த உணர்வுக்கு மொழியியலில் ‘நடை’ என்று பெயர். சட்டை மாற்றுவது மாதிரி இடத்துக்கு ஏற்ப நடையை மாற்றுகிறோம். நண்பருக்கு எழுதும் இரண்டு வரியில் ஸ்டார்ட் என்பதை விட்டுவிட்டுக் கமென்ஸ் என்று எழுதினால், அரைக்கால் சட்டைக்கு மேல் கோட்டு மாட்டிய மாதிரி இருக்கும். ‘கனமான சொல் போட்டால் ஆங்கிலம் உயரும்’ என்ற நம்பிக்கை நம்மிடம் ரொம்பப் பலமாக இருக்கிறது. என் அனுபவத்தில் அது வாசிப்பவரைத் தள்ளித்தான் நிறுத்துகிறது.

சில சமயம் ஒரே சொல்லே இரண்டு கதவு வழியாக வந்திருக்கிறது. வாரன்டி, கியாரன்டி இரண்டும் ஒரே வேர். நார்மண்டிக்காரர்கள் ‘வ’ என்று சொன்ன இடத்தில் பாரிஸ் பக்கத்துப் பிரெஞ்சுக்காரர்கள் ‘க’ என்றார்கள். ஆங்கிலம் இரண்டையும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டது. வார்டு, கார்டு (காவலர்) ஜோடியும் இப்படித்தான். ஷர்ட், ஸ்கர்ட் கூட ஒரே மூலம்: முதலாவது பழைய ஆங்கிலம், இரண்டாவது ஸ்காண்டிநேவியர்கள் கொண்டு வந்தது. ஒன்று இடுப்புக்கு மேலே போனது, மற்றது கீழே இறங்கியது.

ஒரே வேலைக்கு இரண்டு பேர் இருந்தால் என்ன ஆகும்? ஒருவர் வேலையை விடுவார், அல்லது இருவரும் வேலையைப் பிரித்துக்கொள்வார்கள். சொற்களும் அப்படித்தான். பழைய ஆங்கிலத்தில் ‘டியர்’ என்றால் பொதுவாக விலங்கு. பீஸ்ட், அனிமல் என்று வெளியிலிருந்து பெரிய ஆட்கள் வந்த பிறகு, டியர் ஒதுங்கி ஒதுங்கி மானுக்கு மட்டும் பெயராகிவிட்டது. இதில் என்னை ஆச்சரியப்படுத்துவது, தமிழிலும் அதே கதை நடந்திருப்பதுதான். பழந்தமிழில் ‘மான்’ என்பது விலங்குக்குப் பொதுச்சொல்லாகவும் இருந்தது. சிங்கம் அரிமான், துள்ளும் குதிரை கலிமான். இன்று இங்கேயும் மான் என்றால் கொம்பும் புள்ளியும் கொண்ட அந்த மான் மட்டும்தான். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு மொழிகள், கடைசியில் ஒரே காட்டில் வந்து நின்றிருக்கின்றன.

இதுவரை: ஆங்கிலம் பல மொழிகளிலிருந்து சொற்களை வாங்கியது. வாங்கிய சொல்லும் இருந்த சொல்லும் மோதாமல் இருக்க, பொருளையோ நடையையோ பங்கு போட்டுக்கொண்டன. எந்த வேறுபாடும் இல்லாமல் எல்லா இடத்திலும் மாற்றிப் போடக்கூடிய இரண்டு சொற்களைக் காண்பது அரிது.

சொல்லின் சாயல்

ஒல்லியான ஒருவரைத் தின் என்றால் தகவல். ஸ்லிம் என்றால் பாராட்டு. ஸ்கின்னி என்றால் பெரும்பாலும் கிண்டல், இல்லையென்றால் கவலை. உடம்பு மூன்று இடத்திலும் ஒன்றுதான். சொல்பவரின் மனசுதான் வேறு. நேர்ப் பொருளுக்கு மேல் ஒரு சொல் சுமந்து வரும் இந்த நல்லெண்ணத்தையோ வெறுப்பையோ ‘சாயல்’ என்று வைத்துக்கொள்வோம்.

1948இல் பி.பி.சி. வானொலியில் தத்துவ அறிஞர் பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் இதை ஒரு வினைமுற்று வாய்ப்பாடு போலவே சொல்லிக் காட்டினார். தமிழில் சொன்னால் ஏறக்குறைய இப்படி வரும்: நான் உறுதியானவன், நீ பிடிவாதக்காரன், அவன் சொன்ன பேச்சு கேட்காத முட்டாள். மூன்று பேரும் செய்வது ஒன்றே, முடிவை மாற்றிக்கொள்ளாமல் இருப்பது. தன்மை, முன்னிலை, படர்க்கை என்று ஆள் தூரம் போகப் போகச் சொல் கசந்துகொண்டே போகிறது. ஃபர்ம், ஆப்ஸ்டினேட், பிக்-ஹெடட் (இங்கே பிக் என்றால் பன்றி) என்று அவர் அடுக்கியதை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால் ஆங்கிலச் சாயலைப் பற்றி வேறு பாடமே தேவையில்லை.

சாயல் காலத்தோடு கெட்டும் போகும். ஆங்கிலத்தில் ஸ்டிங்க் என்றால் இன்று மூக்கைப் பிடிக்க வைக்கும் வாடை. ஆனால் அதன் பழைய வடிவம் எந்த வாசத்துக்கும் பொது; நறுமணத்துக்கும் அதையே சொன்னார்கள். நம் ‘நாற்றம்’ நினைவுக்கு வருகிறதா? பழைய பாடல்களில் பூ நாறும். இன்று ஒருவரிடம் ‘உங்கள் மல்லிகை நன்றாக நாறுகிறது’ என்று சொல்லிப் பாருங்கள்.

சாயல் தெரியாமல் நாம் அதிகம் வழுக்கும் சொல் நொட்டோரியஸ். மிகவும் பிரபலமான என்று நினைத்து, வரவேற்புரையில் சிறப்பு விருந்தினருக்கே இதைச் சூட்டியதை நேரில் கேட்டிருக்கிறேன். அது கெட்ட காரியத்துக்குப் பெயர் வாங்கியவர்களுக்கு உரியது. விருந்தினர் சிரித்துக்கொண்டார், நல்லவர். சைல்டிஷ், சைல்ட்லைக் ஜோடியும் ஜாக்கிரதையாகத் தொட வேண்டியது: முதலாவது வயசுக்கேற்ற பக்குவம் இல்லாதவர், இரண்டாவது குழந்தை மனசு கொண்டவர்.

யாரோடு சேர்வது?

பலத்த மழை ஆங்கிலத்தில் ஹெவி. பலத்த காற்று ஸ்ட்ராங். ஏன் மழை கனமாகவும் காற்று வலுவாகவும் இருக்க வேண்டும், மாற்றிப் போட்டால் என்ன? காரணம் எதுவும் இல்லை. அப்படித்தான் பழகியிருக்கிறார்கள். நாம் ‘கொட்டும் மழை’ என்போம், ‘கொட்டும் காற்று’ என்பதில்லையே. சில சொற்கள் சில சொற்களோடு மட்டும் இயல்பாகச் சேர்ந்து வருவதற்குச் ‘சொற்சேர்க்கை’ என்று பெயர். ஒரு சொல்லை அதன் சகவாசத்தை வைத்தே அறியலாம் என்று 1957இல் எழுதினார் பிரிட்டிஷ் மொழியியலாளர் ஜே. ஆர். ஃபர்த். ஆளைப் பற்றி நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதும் அதுதான்.

பிக், லார்ஜ் இரண்டும் பெரிய. பெரிய வீட்டுக்கு இரண்டில் எதுவும் சரி. ஆனால் பெரிய தப்பு என்றால் பிக் மிஸ்டேக் மட்டும். லார்ஜ் மிஸ்டேக் என்று யாரும் சொல்வதில்லை. லார்ஜுக்கு அளவும் எண்ணிக்கையும்தான் பிடிக்கும், உணர்ச்சியோடு ஒட்டாது. பெரிய மனிதர் என்பதை பிக் மேன் என்றால் ஆள் வாட்டசாட்டமாகிவிடுவார். மதிப்பைச் சொல்ல கிரேட் வேண்டும்.

உயரம் இன்னொன்று. மனிதர், மரம், கம்பம் மாதிரி அகலம் குறைந்து நெடிதாக நிற்பவை டால். மலை, சுவர், விமானம், காய்ச்சல், எதிர்பார்ப்பு எல்லாம் ஹை. ஒருவரை ‘ஹை’ என்று சொன்னால் உயரமானவர் என்று அர்த்தம் வராது. போதையில் இருக்கிறார் என்று அர்த்தம். இந்த வகையில் சூத்திரம் தேடி அலைவது வீண். ஜோடியாகவே கேட்டு, ஜோடியாகவே மனதில் வைப்பதுதான் ஒரே வழி. ‘மிஸ்டேக்’ என்று தனியாகப் படிக்காமல் ‘மேக் எ மிஸ்டேக்’ என்று படித்தால், டூ போடுவதா மேக் போடுவதா என்ற சந்தேகமே வராது.

துறைக்குள் நுழைந்தால்

பொதுப் பேச்சில் இடம் மாற்றிப் போடலாம், தொழிலில் கூடாது என்றும் சில ஜோடிகள் உண்டு. ஆக்யுரேட், ப்ரிசைஸ் இரண்டையும் துல்லியம் என்கிறோம். 60 கிலோ எடையுள்ள ஒருவர் ஓர் எடைக் கருவியில் மூன்று முறை ஏறி இறங்குகிறார். மூன்று முறையும் 62.4 காட்டுகிறது. கருவி ப்ரிசைஸ், ஏனென்றால் ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்கிறது. ஆனால் ஆக்யுரேட் இல்லை, ஏனென்றால் அந்தப் பதில் தப்பு. சாதிக்கிற பொய்யன் மாதிரி. ஸ்பீட், வெலாசிட்டி இரண்டையும் பேச்சில் வேகம் என்றே சொல்கிறோம். ஓட்டப் பந்தயத்தில் 400 மீட்டர் வட்டத்தைச் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வந்தவரின் ஸ்பீட் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், அந்தச் சுற்றுக்கான சராசரி வெலாசிட்டி சுழியம். அது திசையையும் கணக்கில் எடுப்பதால்.

எனக்குப் பிடித்த உதாரணம் சேஃப்டி, செக்யூரிட்டி. இரண்டும் பாதுகாப்புதான். விபத்திலிருந்து காப்பது சேஃப்டி. வேண்டுமென்றே தீங்கு செய்ய வருபவரிடமிருந்து காப்பது செக்யூரிட்டி. ஒரு கட்டடத்தின் பின்கதவை எடுத்துக்கொள்ளுங்கள். செக்யூரிட்டி பார்ப்பவர் அதைப் பூட்டச் சொல்வார். தீப்பிடித்தால் ஆட்கள் எப்படி வெளியே ஓடுவார்கள் என்று சேஃப்டி பார்ப்பவர் திறந்து வைக்கச் சொல்வார். ஒரே பொருள் என்றால் இந்தச் சண்டை வந்திருக்காது. உள்ளிருந்து தள்ளினால் திறந்து, வெளியிலிருந்து திறக்க முடியாத கதவுகள் இந்தச் சண்டைக்குக் கிடைத்த சமரசம்.

வெறும் ஓசை ஒற்றுமை

அஃபெக்ட், எஃபெக்ட் மாதிரியான ஜோடிகளையும் இந்தப் பட்டியலில் சேர்க்கிறார்கள். இவை பொருள் நெருங்கிய சொற்கள் என்பதைவிட, காதுக்கு நெருங்கிய சொற்கள். பெரும்பாலும் முதலாவது வினை (பாதித்தல்), இரண்டாவது பெயர் (விளைவு). முடிந்தது. ஹிஸ்டாரிக் என்றால் வரலாற்றில் இடம்பிடித்த, ஹிஸ்டாரிக்கல் என்றால் வரலாறு சார்ந்த. பழைய கணக்குப் புத்தகம் எதுவும் ஹிஸ்டாரிக்கல் ஆகலாம். நிலவில் மனிதன் கால் வைத்த நாள் ஹிஸ்டாரிக். இவற்றுக்குச் சூத்திரம் போதும்.

ஆனால் சூத்திரம் என்று சொல்லிக் கொடுப்பதெல்லாம் சட்டமும் அல்ல. குறைவான என்பதற்கு, எண்ணக்கூடியவற்றுக்கு ஃப்யூவர், எண்ண முடியாதவற்றுக்கு லெஸ் என்று கறாராகச் சொல்வார்கள். இது 1770இல் ராபர்ட் பேக்கர் என்பவர் ‘இப்படி இருந்தால் நன்றாக இருக்கும்’ என்று எழுதிய சொந்த விருப்பத்திலிருந்து வளர்ந்தது. 9ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஆல்ஃபிரட் அரசரே சொற்களை எண்ணும் இடத்தில் லெஸ்ஸின் பழைய வடிவத்தைப் பயன்படுத்தியிருக்கிறார். தேர்விலும் அலுவல் கடிதத்திலும் விதியைக் கடைப்பிடியுங்கள். பேச்சில் யாராவது மாற்றிச் சொன்னால் குறுக்கே விழுந்து திருத்த வேண்டாம்.

எதிர்ச்சொல்லைக் கேளுங்கள்

புதிதாக ஒரு ஜோடியைச் சந்தித்தால் நான் செய்வது, இரண்டின் எதிர்ச்சொல்லையும் தேடுவதுதான். டாலின் எதிர்ச்சொல் ஷார்ட். ஹையின் எதிர்ச்சொல் லோ. அப்போதே இரண்டும் வேறு குடும்பம் என்று தெரிந்துவிடுகிறது. ஓல்ட் என்ற ஒரே சொல்லுக்கே இரண்டு எதிர்ச்சொல்: ஆளுக்கு யங், பொருளுக்கு நியூ. தமிழ் அங்கே முதிய, பழைய என்று பிரித்துவிட்டது. அதனால்தான் ஓல்ட் மேனைப் ‘பழைய மனிதர்’ என்று மொழிபெயர்த்தால் இடிக்கிறது.

அடுத்தது, சொல்லைக் கூகுளிலோ நல்ல அகராதியிலோ போட்டு நான்கைந்து வாக்கியங்களில் அது யாரோடு வருகிறது என்று பார்ப்பது. ‘இதன் அர்த்தம் என்ன?’ என்று கேட்பதைவிட ‘இது எங்கே பொருந்தாது?’ என்று கேட்டால் விடை சீக்கிரம் வரும். ஷேடோ எங்கே பொருந்தாது என்று அன்றே கேட்டிருந்தால், அந்தச் சுழி விழுந்திருக்காது.

வா, போ, தா, கொடு

இதெல்லாம் ஆங்கிலத்துக்கு மட்டும் உள்ள வம்பு என்று நினைக்க வேண்டாம். தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில் ஈ, தா, கொடு என்ற மூன்றைத் தனியே எடுத்துப் பிரிக்கிறது. மூன்றும் கேட்டு வாங்கும் சொற்கள்தான். தாழ்ந்தவர் உயர்ந்தவரிடம் கேட்டால் ஈ, சமமானவர் கேட்டால் தா, உயர்ந்தவர் கேட்டால் கொடு. நடையையும் சாயலையும் பற்றி மேலே சொன்னதற்கு இதைவிடப் பழைய பாடம் நம்மிடம் இல்லை.

அதே நூல் இன்னொன்றும் சொல்கிறது. வருதலும் தருதலும் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியவை. செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கு உரியவை. அதாவது என் பக்கமோ உன் பக்கமோ நகர்ந்தால் வா, தா. மூன்றாம் ஆள் பக்கம் நகர்ந்தால் போ, கொடு. ஆங்கிலத்தின் கம், கோ ஜோடிக்கும், ப்ரிங், டேக் ஜோடிக்கும் கிட்டத்தட்ட இதே கணக்குதான். உங்கள் வீட்டுக்கு நான் கிளம்பினால் உங்களிடம் ‘ஐ ஆம் கமிங்’ என்பேன், கையில் இருப்பதை ‘ப்ரிங்’ செய்வேன். வேறு யார் வீட்டுக்காவது என்றால் கோ, டேக்.

உள்ளே இருந்து யாராவது கூப்பிட்டால் தமிழர் ‘இதோ வர்றேன்’ என்பார். ஆங்கிலத்தில் ‘கமிங்!’ என்று அதையே சொல்லிவிடுகிறார். யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. ஸ்பானிஷ் பேசுபவருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அவர் மொழியில் அந்த இடத்தில் ‘யா போய்’ என்பார்கள், அதாவது ‘இதோ போகிறேன்’. ஆங்கிலத்துக்கு வரும்போது அவர் போவதை வருவதாக மாற்றிப் பழக வேண்டும்.